தோட்டத்தில் பழம், கடையில் கோப்பை: ஒரு காபிக் குடும்பத்தின் வரவும் கடனும்

கேள்வி: ''எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. வேர்க்கடலை போடுகிறோம். மூட்டையாக விற்றால் கட்டுப்படியாகவில்லை. மரச்செக்கு போட்டு, சொந்தப் பெயரில் எண்ணெய் விற்க நினைக்கிறோம். நிலத்தின் பேரில் 40 லட்சம் ரூபாய் வரை கடன் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?''
- ஒரு விவசாயக் குடும்பம், சிங்கப்பெருமாள் கோவில்.

இந்தக் கேள்வி தபாலில் வரவில்லை. அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேராக நேரில் வந்து கேட்டார்கள். மற்ற கேள்விகளைப் போல நான்கு வரியில் பதில் எழுதிவிட முடியாது என்பதால், ஆசிரியரிடம் கேட்டு இந்த இதழில் கொஞ்சம் கூடுதலாகவே இடம் வாங்கியிருக்கிறேன்.

மகன் பி.பி.ஏ. முடித்தவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் நான்கு செக்கு, மூன்று கடை (சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி), பாட்டிலுக்கு லேபிள், ஐந்து வருடத்தில் இருபது கடை என்று வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். ''ஏன் தம்பி, எடுத்த எடுப்பில் மூன்று கடையா?'' என்று கேட்டேன். அவர் சளைக்கவில்லை. ''கஃபே காபி டே வச்சவரும் தோட்டக்காரர்தான் சார். அப்பா காபிக் கொட்டை வித்தாரு. மகன் காபியாவே வித்தாரு. நாமும் கொட்டையா விக்கிற வரைக்கும் இப்படியேதான் இருப்போம்'' என்றார்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும், ''அந்தக் கதையோட மிச்சத்தையும் நீங்களே சொல்லுங்க சார்'' என்றார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காபி எங்கள் துறையின் பயிர் இல்லை. அதற்கென்று பெங்களூருவில் காபி வாரியம் இருக்கிறது. கல்லூரியில் படித்த காலத்தில் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். அன்றைக்குத்தான் காபிச் செடியை முதன்முதலாகப் பார்த்தேன். சில்வர் ஓக் நிழலில், குண்டுமணி போலச் சிவந்த பழங்கள். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டால் மெல்லிய இனிப்பு. காபி வாசனை துளியும் இல்லை. ''வாசனை வறுக்கிறவன் கையில்தான் வரும். காசும் அங்கேதான் வரும்'' என்று எங்களுடன் வந்த பேராசிரியர் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அது மறக்கவில்லை.

ஆறு கிலோ பழம், எண்பது கோப்பை

அந்தக் காசுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அரபிகா ரகத்தில் சுமார் ஆறு கிலோ பழம் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, உமியும் போக்கினால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது 15 முதல் 20 சதவிகிதம் எடை குறையும். ஆக, அரைத்த தூள் 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். கோப்பைக்குப் பத்து கிராம் என்று வைத்தாலும் எண்பது கோப்பை. நம்ம ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரைக்கும் வரிசையாகக் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு பார்த்திருப்பீர்கள். பித்தளை டபராவில் கொடுக்கிற காபி முப்பது ரூபாய் என்று போட்டால் எண்பது கோப்பைக்கு 2,400 ரூபாய். பால், சர்க்கரை, கேஸ், கூலி, இட வாடகை எல்லாம் இதிலேதான் போக வேண்டும். அதை மறக்கக் கூடாது.

அதே ஒரு கிலோ கொட்டைக்குத் தோட்டக்காரருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2001-02இல் உலகம் முழுக்கக் காபி விலை படுத்துவிட்டது. நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. நம் மலைகளில் கிலோவுக்கு நூறு ரூபாய்கூடக் கிடைக்காமல், பறிகூலி கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. பிரேசிலில் வறட்சி வந்து 2025 பிப்ரவரியில் அதே சந்தையில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. நம் நாட்டில் காபி வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் 25 ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள். எங்கேயோ உள்ள பிரேசிலில் பனி கொட்டினால் இங்கே தாலி வாங்கலாம், அங்கே மகசூல் கொழித்தால் இங்கே அடகு வைக்கணும். கொட்டையாக விற்கிறவரின் நிலைமை இதுதான்.

தம்பி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

வாரியத்துக்கே போகும் விளைச்சல்

வி.ஜி.சித்தார்த்தா கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தில் 1959இல் பிறந்தவர். அப்பா கங்கையா ஹெக்டே. நூறு வருடங்களுக்கு மேலாகக் காபித் தோட்டம் வைத்திருந்த குடும்பம். அரேபியாவின் மோக்கா துறைமுகத்திலிருந்து பாபா புதான் என்ற ஞானி ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து ஊன்றினார் என்று சொல்வார்களே, அந்த மலை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தோட்டக்காரரிடம் எவ்வளவு நிலம் இருந்தாலும் விற்கிற உரிமை இல்லை. 1942 காபிச் சட்டப்படி விளைந்ததை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாரியம் ஏலம் போட்டு விற்கும். பணம் தவணை தவணையாக வரும். போர்க்காலத்தில் ஏற்றுமதி நின்று தோட்டக்காரர்கள் தவித்தபோது கைகொடுத்த ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போர் முடிந்து ஐம்பது வருடம் கழித்தும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. தன் தோட்டத்துக் காபி எந்த ஊரில் யார் குடிக்கிறார்கள் என்று தோட்டக்காரருக்கே தெரியாது. 1990களில்தான் படிப்படியாகத் தளர்த்தினார்கள். 1996இல் முழு விளைச்சலையும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது.

மங்களூரில் பொருளாதாரம் படித்த சித்தார்த்தா, தோட்டத்துக்குத் திரும்பாமல் மும்பைக்குப் போய்ப் பங்குச்சந்தைத் தொழில் பழகினார். பிறகு அப்பா கொடுத்த பணத்தோடு பெங்களூருவில் சொந்தமாகப் பங்கு வர்த்தக நிறுவனம் தொடங்கினார். அதில் வந்த லாபத்தைக் காபித் தோட்டங்கள் வாங்குவதில் போட்டார். காபி விலை மந்தமாக இருந்த காலத்தில் வாங்கிய தோட்டங்கள் அவை. 1993இல் காபி வர்த்தகத்துக்கென்று ஒரு நிறுவனம் ஆரம்பித்தார். அடுத்த வருடமே பிரேசிலில் கடும் உறைபனி. உலக விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கையில் கொட்டையும் இருந்தது, ஏற்றுமதி செய்யும் உரிமையும் இருந்தது. சில வருடங்களிலேயே நாட்டின் பெரிய காபி ஏற்றுமதியாளர்களில் ஒருவராகிவிட்டார்.

ஏற்றுமதி என்றாலும் அதுவும் கொட்டை வியாபாரம்தான். ஜெர்மனியில் 1949இல் தபால் மூலம் காபி அனுப்பி விற்கத் தொடங்கிய 'சிபோ' நிறுவனம் பெரிய ஆலமரமாக வளர்ந்த கதையைக் கேட்டபோதுதான் தனக்குப் பொறி தட்டியதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1996 ஜூலையில் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தது. காபியோடு இன்டர்நெட். அப்போது இன்டர்நெட் என்றால் அதிசயம். அதே வருடம்தான் காபி வாரியத்தின் கட்டாயக் கொள்முதலும் முடிவுக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். கதவு திறந்த அன்றைக்கே வாசலில் நின்றவர் அவர்.

கடை ஒருபுறம் இருக்க, வறுத்து அரைத்து அங்கேயே கொடுக்கும் தூள் கடைகள், அலுவலகங்களுக்குக் காபி மெஷின்கள் என்று வேறு வழிகளிலும் காபியை விற்றார். சென்னையிலும் அந்தத் தூள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். 2005இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் கடை. 2019 மார்ச்சில் நாடு முழுக்க 1,700 கடைகளுக்கு மேல்.

தோட்டத்திலிருந்து கோப்பை வரை எல்லாமே ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. பெரிய காரியம்தான். சேலத்தில் 1926இல் வி.எல்.நரசு தொடங்கிய நரசுஸ் உட்பட நம் ஊர்க் காபிக் கம்பெனிகள் பெரும்பாலும் கொட்டையை வாங்கி வறுத்து விற்று வளர்ந்தவை. செடியிலிருந்து புறப்பட்டு வாடிக்கையாளர் மேஜை வரை போன விவசாயக் குடும்பம் அரிது.

ஜப்பானில் எதிர்த்திசையில் ஒரு பயணம்

இங்கே ஜப்பான் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம். யு.சி.சி. என்று ஒரு காபிக் கம்பெனி. அதுவும் குடும்பக் கம்பெனிதான். உயேஷிமா தடாவோ என்பவர் 1933இல் கோபே துறைமுக நகரில் தொடங்கிய கடை அது. ஜப்பானில் காபி விளைச்சல் பெயருக்குத்தான். அத்தனையும் கப்பலில் வர வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காபி வரவே இல்லை. 1950இல்தான் மறுபடி இறக்குமதி ஆரம்பித்தது. அதுவரை தாக்குப்பிடித்து, மறுபடி காபிக்கே வந்தார்.

ஒருநாள் ரயில் நிலையத்தில் பாட்டிலில் பால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாராம். ரயில் கிளம்பிவிட்டது. பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பித் தரணும். பாதி காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடி ஏறினார். மீதிக் காபி வீணானதே என்ற வருத்தத்தில், கையோடு கொண்டுபோகிற மாதிரி டப்பாவில் அடைத்தால் என்ன என்று யோசித்தார் என அந்தக் கம்பெனி சொல்கிறது. 1969இல் டப்பா பால் காபி வந்தது. ஆரம்பத்தில் கடைக்காரர்கள் சீந்தவில்லை. மறுவருடம் ஒசாகா உலகக் கண்காட்சிக்குக் கூட்டம் வந்து அள்ளிய பிறகுதான் பிழைத்தது.

முதல் கடை போட்டு ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆன பிறகுதான் அந்தக் குடும்பம் சொந்தத் தோட்டம் வாங்கியது. 1981இல் ஜமைக்காவில், 1989இல் ஹவாய்த் தீவில். நம்மவர் தோட்டத்திலிருந்து கடைக்குப் போனார். அவர்கள் கடையிலிருந்து தோட்டத்துக்கு வந்தார்கள். திசையில் குற்றமில்லை. எனக்குப் படுகிற வித்தியாசம் வேகத்தில்தான். கண்காட்சியில் டப்பாக் காபி விற்று, அது பிழைக்கும் என்று தெரிந்து, அதன்பிறகும் பத்து வருடம் கழித்துத்தான் நிலத்தில் கை வைத்தார்கள்.

காபி கவிழ்க்கவில்லை

இனி அம்மா கேட்ட மிச்சக் கதை.

காபி டே குழுமம் காபியோடு நிற்கவில்லை. மென்பொருள் கம்பெனியான மைண்ட்ட்ரீயில் ஆரம்பத்திலேயே முதலீடு செய்தார் சித்தார்த்தா. அது நல்ல விதையாக முளைத்தது. ஆனால் பெங்களூருவில் பெரிய தொழில்நுட்பப் பூங்கா, சொகுசு விடுதிகள், சென்னையைச் சேர்ந்த சிகால் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் என்று மற்றவையும் சேர்ந்தன. இவையெல்லாம் இன்று போட்டு நாளை எடுக்கிற தொழில் இல்லை. கட்டடம் எழும்பி வாடகை வர வருடக்கணக்கு ஆகும். வட்டியோ மாதம் தவறாமல் வரும்.

2010இல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் பணம் போட்டன. 2015இல் பங்கு 328 ரூபாய் என்று பொதுமக்களுக்கு விற்று 1,150 கோடி திரட்டினார்கள். அதில் பெரும்பகுதி கடன் அடைக்கவும் தொழிலை விரிக்கவும் போனது. கடன் குறையவில்லை. குடும்பத்தின் பங்குகளில் பெரும்பகுதி அடமானத்தில் இருந்தது. 2019 மார்ச்சில் மைண்ட்ட்ரீ பங்குகளை எல் அண்ட் டி நிறுவனத்துக்கு 3,000 கோடிக்கு மேல் விற்றார். அந்த மாத முடிவில் குழுமத்தின் கடன் சுமார் 7,200 கோடி.

2019 ஜூலை கடைசியில் சித்தார்த்தா இறந்துபோனார். அறுபது வயது நிறையவில்லை. கடன்காரர்களின் நெருக்கடி பற்றி அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் பத்திரிகைகளில் வந்தது. படுக்கையில் இருந்த அப்பா கங்கையா ஹெக்டேயும் ஒரு மாதத்துக்குள் காலமானார். அந்த நாள்களில் மலைநாட்டில் தோட்டக்காரர்களும் கூலியாட்களும் அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எத்தனையோ சிறு தோட்டக்காரர்களிடம் கொட்டை வாங்கிய வீடு அது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கடன் நெருக்கடியில் மனம் உடைந்திருந்தால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தாலும் சரி. வட்டி கட்டாத கதையைக் கேட்டு நாங்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

அதன் பிறகு நடந்ததையும் தம்பிக்குச் சொன்னேன். நிறுவனம் வைத்த விசாரணையின் அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. பொதுமக்கள் பங்கு வைத்திருந்த குழுமத்தின் துணைக் கம்பெனிகளுக்கு, குடும்பத்தின் தனிக் கம்பெனி ஒன்று 2,693 கோடி ரூபாய் தர வேண்டியிருக்கிறது என்று அதில் இருந்தது. 2023 ஜனவரியில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இதற்காக 26 கோடி அபராதம் விதித்து உத்தரவு போட்டது. நம்ம பாஷையில் சொன்னால், கடைக் கல்லாவும் வீட்டு உண்டியலும் ஒன்றாகிவிட்டன.

2020 டிசம்பரில் மனைவி மாளவிகா ஹெக்டே நிர்வாகத் தலைமைக்கு வந்தார். தொழில்நுட்பப் பூங்கா ஏற்கெனவே சுமார் 2,700 கோடிக்கு விற்கப்பட்டிருந்தது. லாபம் தராத கடைகளை மூடினார்கள். நடுவில் கொரோனா வேறு. 2021 மார்ச்சில் கடன் 2,000 கோடிக்குக் கீழே வந்திருந்தது. கடைகளும் 600க்குக் கீழே வந்துவிட்டன. சிகால் திவால் நடவடிக்கைக்குப் போனது. மூடிய கடைகள் போக மீதியில் இன்றைக்கும் காபி ஆற்றுகிறார்கள்.

நான் கவனிப்பது ஒன்றுதான். இத்தனையிலும் காபி அவர்களைக் கைவிடவில்லை. பழத்திலிருந்து கோப்பைக்குப் போனது தப்பாகவும் தெரியவில்லை. ஒரு தொழிலின் வருமானத்தைக் காட்டி இன்னொரு தொழிலுக்குக் கடன், அதைக் காட்டி மூன்றாவதற்குக் கடன் என்று போன இடத்தில்தான் நூல் சிக்கலானது.

நான் கையெழுத்துப் போட்ட கடன்

இதைச் சொல்ல எனக்கும் ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆன புதிதில், ஒரு மகளிர் குழுவுக்குக் கேழ்வரகு மால்ட் தயாரிக்க இயந்திரம் வாங்கப் பரிந்துரை எழுதினேன். அவர்கள் கேட்டது சின்ன அரவை மெஷின். நான்தான், ''கேட்கிறதுதான் கேட்கிறீங்க, பெரிசா கேளுங்க'' என்றேன். பெரிய மெஷின் வந்தது. அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும். இணைப்புக் கிடைக்கப் பதினோரு மாதம் ஆனது. பதினோரு மாத வட்டியை அந்தப் பெண்கள் கூலி வேலைக்குப் போய்க் கட்டினார்கள். குழுத் தலைவி தோட்டை அடகு வைத்ததை எனக்குச் சொல்லவே இல்லை. வேறொருவர் மூலம் பிறகு தெரியவந்தது. இயந்திரத்தைப் பாதி விலைக்கு விற்றோம். மால்ட் ருசியில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

அதனால்தான் 40 லட்சம் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். மகிந்திரா சிட்டி வந்த பிறகு, ஒரகடம் சாலை அகலமான பிறகு, நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. இரண்டரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டு வருகிற வருமானத்துக்கும் அந்த நிலத்தின் சந்தை விலைக்கும் சம்பந்தமே கிடையாது. கடன் கொடுக்கிறவர்கள் நிலத்தின் விலையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நாம் கட்டப்போவது எண்ணெயில் வரும் காசிலிருந்து. கடலை கட்டும் தவணை எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் கடன் தகுதி. மனையாகப் போட்டால் எவ்வளவு போகும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு செக்குக்கு ஒரு கணக்கு

மூன்று பேரையும் உட்காரவைத்துப் போட்ட கணக்கு இது. காய்ந்த வேர்க்கடலை 100 கிலோ உடைத்தால் பருப்பு 70 கிலோ வாக்கில் தேறும். மரச்செக்கில் 100 கிலோ பருப்பு ஆட்டினால் எண்ணெய் 40 கிலோ வரை எதிர்பார்க்கலாம். மீதி புண்ணாக்கு. ரகம், காய்ச்சல், செக்கு ஓட்டுகிறவர் கை எல்லாவற்றையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். இரண்டரை ஏக்கரில் ஏக்கருக்கு 800 கிலோ காய் என்று வைத்தால் மொத்தம் 2,000 கிலோ. பருப்பு 1,400 கிலோ. எண்ணெய் 560 கிலோ.

தம்பியிடம், ''நான்கு செக்கும் இதை எத்தனை நாளில் ஆட்டி முடிக்கும்?'' என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ''ரெண்டு வாரம் கூட ஓடாது சார்'' என்றார். மீதி ஐம்பது வாரத்துக்கு வெளியில் கடலை வாங்கணும். அப்போது அவர் விவசாயி இல்லை, கடலை வியாபாரி. வியாபாரிக்கு முதல் வேறு, விலை ஏறி இறங்கும் ஆபத்து வேறு. கடலை வாங்கப் பணம் எங்கே என்று நோட்டில் தேடினோம். அந்த வரியே இல்லை.

ஆகவே அவர்களுக்கு நான் சொன்னது இது. முதல் பருவத்தில் செக்கே வாங்க வேண்டாம். கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் கொடுத்து ஆட்டுங்கள். கடலையைப் பொறுக்கிக் காயவைப்பதில் கவனம் வையுங்கள். ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும். சொந்தப் பெயரில் விற்கும்போது அந்தப் பழி உங்கள் லேபிளில்தான் விழும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஓசை கொடுக்கணும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முதலில் ஐம்பது வீட்டைப் பிடியுங்கள். அதே வீடு மூன்றாவது முறை கேட்டு வாங்கினால், அப்போது ஒரு செக்கு பற்றிப் பேசலாம்.

அந்தக் கட்டத்தில் கடன் வாங்குவது தப்பில்லை. சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்துவந்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் என்ன விதி, எவ்வளவு மானியம் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மானியம் பெரும்பாலும் கடன் கணக்கில் பின்னால் வரவு வைக்கப்படும். முன்னால் கையில் வரும் என்று நம்பிச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

லேபிள் விஷயத்தில் காபிக்காரர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. காபித் தூளில் சிக்கரி கலக்கிறார்கள். அது கலப்படம் அல்ல. ஒரு செடியின் கிழங்கை வறுத்து அரைத்தது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. சட்டப்படி கலவையில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை பாக்கெட்டில் போடணும். போட்டுவிட்டு விற்கிறவர்களை மக்கள் இத்தனை வருடமாக நம்பி வாங்குகிறார்கள். உங்கள் எண்ணெயிலும் எந்த ஊர்க் கடலை, எந்த மாதம் ஆட்டியது என்று எழுதிவிடுங்கள். வெளிக்கடலை வாங்கி ஆட்டினால் அதையும் எழுதுங்கள்.

கணக்குப் புத்தகம் இரண்டு என்பதை மட்டும் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்தால் சம்பளம் என்று எழுதணும், வீட்டிலிருந்து கடைக்குப் போட்டால் கடன் என்று எழுதணும். நகை வைத்தால் அதையும் எழுதணும். ''நானே எழுதறேன் சார், பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன்'' என்றார்.

தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியதுதான். எழுந்து போகும்போது வாசலில் நின்று, ''அவரு ஒரு கடையோட நின்னிருந்தா இன்னிக்கு அவர் பேரு யாருக்கும் தெரிஞ்சிருக்காது இல்ல சார்?'' என்று கேட்டார். உண்மைதான் என்றேன். எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. ஐம்பது வீடு, ஐந்நூறு வீடாகட்டும், இருபது கடைக் கணக்கோடு நீங்களே வாருங்கள், நானும் உட்கார்ந்து போடுகிறேன் என்றேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா மட்டும் வந்தார். விதைக்கடலை கேட்டு. கூட ஒரு சின்னப் பாட்டில். கூலிக்கு ஆட்டிய பழைய கடலையின் எண்ணெய், 12 வீட்டில் கொடுத்தாகிவிட்டதாம். காசு கொடுக்காமல் வாங்க மாட்டேன் என்று சொல்லி, விலையைக் கொடுத்துத்தான் வாங்கினேன். அந்தக் காசை எந்த நோட்டில் எழுதுவது என்று வீட்டில் போய்க் கேட்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போனார்.